கூண்டும் அடுப்பங்கரையும்: வீட்டில் கோழி வளர்ப்போர் கடைப்பிடிக்க வேண்டிய சுகாதார முறைகள்

வீட்டில் நாலைந்து கோழி வளர்ப்பவர்களிடம் சுகாதாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "எங்கள் கோழிக்கு ஒரு நோயும் இல்லை" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் பதில். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது போதாது. மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் என்னும் இரண்டு பாக்டீரியாக்களும் கோழிக்கு வெளியில் தெரியும்படி எந்தக் கேடும் செய்யாமல் அதன் குடலில் குடியிருக்கக் கூடியவை. கொண்டை சிவந்து, இறகு மினுங்கி, நாள் தவறாமல் முட்டையிடும் கோழியின் எச்சத்திலும் அவை இருக்கலாம். எச்சத்திலிருந்து காலுக்கும், காலிலிருந்து இறகுக்கும், தண்ணீர்த் தட்டுக்கும், முட்டை ஓட்டுக்கும், கடைசியில் கூண்டைத் திறந்து மூடும் நம் கைக்கும் அவை வந்து சேர்கின்றன. எனவே கோழியின் தோற்றத்தைப் பார்த்து எச்சரிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் பயன்படாது. கூண்டிலிருந்து அடுப்பங்கரைக்கு வரும் வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பதுதான் பயன்படும்.

இது வெறும் அச்சமூட்டல் அன்று. அமெரிக்காவில், பொதுமுடக்கத்தின்போது ஏராளமானோர் புதிதாகக் கோழிக்குஞ்சு வாங்கி வளர்க்கத் தொடங்கிய 2020ஆம் ஆண்டில், கொல்லைக் கோழிகளோடு தொடர்புடைய சால்மொனெல்லா நோயால் 1,700க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. நம் ஊரில் வயிற்றுப்போக்கு வந்தால் நேற்றுச் சாப்பிட்ட உணவகத்தைத்தான் நினைக்கிறோமே தவிர, காலையில் கூண்டைக் கூட்டிய கையை யாரும் நினைப்பதில்லை.

கூண்டை எங்கே வைப்பது

கூண்டு அடுப்பங்கரைச் சன்னலுக்கும் கிணற்றுக்கும் நிலத்தடித் தொட்டிக்கும் எட்டி இருக்க வேண்டும்; மழைநீர் கூண்டிலிருந்து அவற்றை நோக்கி ஓடாத பக்கமாக இருக்க வேண்டும். கொல்லை உள்ளவர்களுக்கு இது எளிது. நகரத்தில் பலரும் மொட்டைமாடியில் வளர்க்கிறார்கள், அங்கேதான் ஒருவரும் கவனிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. கோழிக்கு உயரமான இடத்தில் ஏறி உட்காருவது இயல்பு. மாடியில் ஏற வசதியான உயரம் எது என்றால் குடிநீர்த் தொட்டியின் மூடிதான். விரிசல் விட்ட மூடியின் மேல் கோழி இரவெல்லாம் எச்சமிட்டு, மறுநாள் மழையும் பெய்தால் அந்த நீர் எங்கே போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாடியில் கோழி வளர்ப்பதானால் முதல் செலவு கூண்டுக்கு அன்று, தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுவதற்கே இருக்க வேண்டும். அதே மாடியில் வடகமும் வற்றலும் மிளகாயும் காயவைக்கும் வழக்கம் இருந்தால், அவை காயும் நேரம் முழுவதும் கோழிகளை அடைத்தே வைக்க வேண்டும். வெயில் பட்டால் எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்று எண்ணி, கோழி மிதித்த வடகத்தை அப்படியே எடுத்து வைப்பது சரியன்று.

ஒரு வளர்ந்த கோழிக்குக் கூண்டுக்குள் 2 சதுர அடியாவது இடம் வேண்டும். நெரிசல் மிகுந்தால் ஈரமும் அம்மோனியா நெடியும் மிகும், ஒன்றையொன்று கொத்திப் புண்ணாக்கும். கூண்டுக்குள் குனிந்து மூச்சை இழுத்துப் பார்க்கும்போது கண் எரிந்தால், தரையோடு வாழும் கோழிக்கு அது இன்னும் மோசமாக எரிகிறது என்று பொருள். அதன் மூச்சுக்குழல் பழுதாகி, பிற நோய்கள் நுழைய வழி ஏற்படும்.

கை, செருப்பு, பாத்திரம்

கோழியைத் தொட்டாலும், முட்டை எடுத்தாலும், தீவனத் தட்டை நகர்த்தினாலும், கூண்டின் கம்பியை மட்டும் பிடித்தாலும்கூட, சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கை கழுவ வேண்டும். வெறும் தண்ணீரில் அலசுவதும், வேட்டியிலோ முந்தானையிலோ துடைத்துக்கொள்வதும் கை கழுவுதல் ஆகாது. இந்தப் பழக்கம் நிலைக்க வேண்டுமானால் சோப்பு கூண்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கொல்லைக் குழாயடியில் ஒரு சோப்புப் பெட்டியை ஆணியடித்து மாட்டி வைப்பது, வீட்டில் உள்ளவர்களுக்குப் பத்து முறை அறிவுரை சொல்வதைவிட நன்றாக வேலை செய்யும். கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டு, அடுப்பங்கரைக் குழாயைத் திருகி, அதன்பின் கழுவினால், கழுவுவதற்கு முன்பே இரண்டு இடங்களில் அழுக்கைப் பூசிவிட்டோம்.

கூண்டுக்குப் போவதற்கென்றே தனியாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருக்கட்டும். அது வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. தண்ணீர்க் குவளை, தீவனத் தட்டு, கூட்டும் துடைப்பம், எச்சம் அள்ளும் தட்டு ஆகிய எல்லாம் கூண்டுக்கே உரியவை. அவற்றைப் பாத்திரம் துலக்கும் தொட்டியில் போட்டுக் கழுவுவது, இத்தனை நேரம் காத்த எல்லையை நாமே அழிப்பதாகும். கொல்லையிலோ மாடியிலோ தனி வாளியில் கழுவி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: எச்சம் ஒட்டியிருக்கும் இடத்தில் அது வேலை செய்யாது. முதலில் சுரண்டி, சோப்புநீரால் தேய்த்துக் கழுவிய பிறகுதான் கிருமிநாசினிக்கு வேலை.

கோழி கொத்திக் காயமானால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவி, தடுப்பூசிக் கணக்கு தவறியிருந்தால் டெட்டனஸ் (இரணஜன்னி) ஊசிக்காக மருத்துவரைப் பார்க்கலாம். வெறிநாய்க்கடி நோய் கோழியால் வருமோ என்று சிலர் பதறுகிறார்கள்; அது பாலூட்டிகளால் பரவும் நோய், கோழி கொத்துவதால் வராது. தவழும் பிள்ளைகளின் கண்ணைச் சேவல் கொத்திவிடும் வாய்ப்பு மட்டும் உண்மையானது. அந்த வயதுப் பிள்ளைகளைக் கோழிகளுக்கு நடுவே தனியாக விடக் கூடாது.

குஞ்சுகளும் குழந்தைகளும்

பள்ளி வாசலிலும் சந்தையிலும் திருவிழாக் கடையிலும் பச்சை, ரோஜா, நீலம் என்று சாயம் பூசி விற்கப்படும் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழிக்கப்பட்ட சேவல் குஞ்சுகள். பொரிந்து ஓரிரு நாளில் தாயின் சூடும் இல்லாமல், தண்ணீரும் சரியாகக் கிடைக்காமல், அட்டைப்பெட்டியில் நெருக்கியடித்துப் பயணப்பட்டு வருபவை அவை. பலவும் சில நாளில் இறந்துபோவதற்குச் சாயத்தைவிடக் குளிரும் சோர்வும்தான் பெரிய காரணம். பிள்ளை அழுகிறதே என்று வாங்கிக் கொடுப்பவர்கள், அந்தக் குஞ்சுக்கு வேண்டிய சூட்டையும் பிள்ளைக்கு வேண்டிய கட்டுப்பாட்டையும் சேர்த்தே கொடுக்க முடியுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். முடியாது என்றால் வாங்காமல் வருவதே நல்லது. அழுகை அரை மணி நேரத்தில் அடங்கிவிடும்.

சூட்டின் கணக்கு இதுதான். முதல் வாரத்தில் குஞ்சு இருக்கும் இடத்தில் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். பின்னர் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து வரலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே காட்டிக்கொடுக்கும். விளக்குக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர்கிறது. விளக்கை விட்டு விலகி ஓரத்தில் ஒதுங்கி, இறக்கையை அகட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெக்கை. பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் சரி. சித்திரை, வைகாசிப் பகலில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் விளக்கே தேவைப்படாது, இரவுக்கு மட்டும் போதும். வழவழப்பான தாளை விரித்தால் குஞ்சின் கால்கள் இருபக்கமும் விரிந்து ஊனமாகும். கோணிச்சாக்கோ துணியோ விரிக்கலாம். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாததாக இருக்க வேண்டும், அதில் சில கூழாங்கற்களைப் போட்டு வைத்தால் குஞ்சு மூழ்காது, நனையாது.

பயணக் களைப்பில் வந்த குஞ்சுகளில் தினமும் பார்க்க வேண்டியது பின்புறத்தை. எச்சம் வழியும் துவாரத்தின் மேல் இறகோடு சேர்ந்து பிசின்போல் உலர்ந்து அடைத்துக்கொள்வது உண்டு. அப்படியே விட்டால் குஞ்சு எச்சமிட முடியாமல் ஓரிரு நாளில் இறக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் சிறிது நேரம் ஒற்றி வைத்து, காய்ந்த கட்டி ஊறி இளகிய பின் மெல்லத் துடைத்தெடுக்க வேண்டும். உலர்ந்திருக்கும்போதே பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். துடைத்த பிறகு குஞ்சை உலர்த்தி, சூட்டில் விட்டு, சிறிதளவு தேங்காய் எண்ணெய் தடவலாம். தொப்புளை எச்சக்கட்டி என்று தவறாக நினைத்துப் பிடித்து இழுத்துவிடாதீர்கள்; தொப்புள் வயிற்றுப் பக்கம் இருக்கும், அடைப்பு வாலின் கீழ் இருக்கும். பல குஞ்சுகளுக்கு ஒரே நேரத்தில் வெண்மையான பிசுபிசுப்புக் கழிச்சல் கண்டு அவை சாகத் தொடங்கினால் அது வேறு. கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டிய தொற்று.

இனிப் பிள்ளைகள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள், 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையிலோ உறுப்பு மாற்று மருந்திலோ இருப்பவர்கள் ஆகியோருக்குச் சால்மொனெல்லா கடுமையாகத் தாக்கும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் குஞ்சைக் கையில் எடுக்காமல் பார்த்து மகிழ்வதே பாதுகாப்பு. அதற்கு மேற்பட்டவர்கள் தொடலாம். ஆனால் முத்தமிடுவது, கன்னத்தோடு அணைப்பது, படுக்கையில் வைத்துக்கொள்வது, ஒரு கையில் குஞ்சும் மறு கையில் முறுக்குமாக உட்காருவது ஆகியவை கூடாது. குஞ்சுப் பெட்டியை இளஞ்சூடாக இருக்கிறதென்று அடுப்பங்கரை மூலையில் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது மாற வேண்டும். பின்கட்டோ, காற்றோட்டமான தாழ்வாரமோ, எலியும் பூனையும் புகாத கூடையோ எதுவானாலும் சரி, சமைக்கும் இடமும் சாப்பிடும் இடமும் மட்டும் வேண்டாம்.

சால்மொனெல்லா தொற்று ஏற்பட்டால் 6 மணி நேரத்திலிருந்து 6 நாளுக்குள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுப்பிடிப்பு ஆகியவை தோன்றும். பெரும்பாலோர்க்கு 4 முதல் 7 நாளில் தானாகச் சரியாகும். உப்புச்சர்க்கரைக் கரைசல்தான் முதன்மையான மருந்து. மலத்தில் இரத்தம், 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், மூன்று நாளைத் தாண்டிய போக்கு, சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று கண்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது "வீட்டில் கோழி வளர்க்கிறோம்" என்ற ஒரு வரியை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

முட்டை

முட்டையைத் தினமும் இரண்டு வேளை எடுப்பது நல்லது. எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு அழுக்கும் உடைப்பும் கூடும். முட்டையிடும் கூடையில் வைக்கோலை அடிக்கடி மாற்ற வேண்டும். எச்சம் சிறிதளவு ஒட்டிய முட்டையை உலர்ந்த துணியாலோ நார்த் துண்டாலோ துடைத்தால் போதும். குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவது, சுத்தம் செய்வதாக நினைத்துக் கேட்டை உள்ளே அனுப்புவதாகும்: ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன, முட்டையின் உட்பகுதி குளிர்ந்து சுருங்கும்போது மேலிருக்கும் அழுக்குநீர் அவற்றின் வழியாக உள்ளிழுக்கப்படும். கழுவியே ஆக வேண்டும் என்றால் முட்டையைவிடச் சூடான தண்ணீரில் விரைவாகக் கழுவித் துடைத்து, அன்றைக்கே சமைத்துவிடுங்கள். விரிசல் கண்ட முட்டையையும் எச்சத்தில் தோய்ந்த முட்டையையும் கழிப்பதே மேல்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஆஃப் பாயிலின்மேல் இருக்கும் ஆசை எனக்கும் தெரியும். வீட்டுக்கோழி முட்டை என்பதால் அரைவேக்காடு பாதுகாப்பானது என்ற எண்ணம்தான் தவறு. சால்மொனெல்லாவில் ஒரு வகை ஓட்டின் வெளியே மட்டுமன்றி, முட்டை உருவாகும்போதே உள்ளேயும் புகக் கூடியது. வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் இறுகும் வரை வேகவைத்தால் கவலையில்லை. பச்சை முட்டையை அப்படியே குடிக்கக் கொடுக்கும் வழக்கம், குறிப்பாகப் பூப்பெய்திய பெண் பிள்ளைகளுக்குக் கொடுப்பது, இன்றும் பல வீடுகளில் உண்டு. அதே முட்டையை வேகவைத்துக் கொடுத்தாலும் சத்து குறையாது. பச்சையைவிட வெந்த முட்டையின் புரதம் நன்றாகவே செரிக்கும்.

கூளம், எச்சம், தூசி

தரையில் நெல் உமி, மரத்தூள், கடலைத் தோல், தேங்காய் நார்க்கழிவு இவற்றில் கிடைப்பதை இரண்டு மூன்று அங்குலம் பரப்பி, அவ்வப்போது கிளறிவிடுவதை ஆழ்கூள முறை என்பார்கள். கூளம் ஈரமாகாமல் பார்த்துக்கொள்வதில்தான் கோழி வளர்ப்பின் பாதி மருத்துவம் அடங்கியிருக்கிறது. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள பகுதியை அள்ளி எறிந்து, புதுக் கூளமும் சிறிது சுண்ணாம்புத் தூளும் சேர்க்க வேண்டும்.

கூளத்தை உலர்வாக வைக்கச் சொல்வதன் காரணம் இரத்தக் கழிச்சல். மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகளைத் தாக்கும் இந்நோய்க்குக் காரணம் ஐமீரியா என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. எச்சத்தோடு வெளிவரும் அதன் முட்டை, ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலையை அடைந்து, கூளத்தைக் கிளறும் அடுத்த குஞ்சின் வாய்க்குள் போகும். வழக்கமான கிருமிநாசினிகள் அதை ஒன்றும் செய்வதில்லை. உலர்வுதான் அதற்குப் பகை. குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூனி நின்று, எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அன்றே மருத்துவரைக் கேட்டு ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். ஓரிரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்றால் பாதி குஞ்சு இருக்காது. மனிதர்க்கு இது தொற்றாது.

எச்சத்தைப் படிக்கத் தெரிந்துகொள்வது வளர்ப்பவரின் அடிப்படைத் திறமை. பழுப்பு நிறத்தில் ஓரளவு கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்தாற்போல் இருப்பது இயல்பானது. அந்த வெள்ளைதான் கோழியின் சிறுநீர். இடையிடையே சாக்லேட் நிறத்தில் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு ஓர் எச்சம் வரும். அது பெருங்குடற் பையிலிருந்து வருவது, நோயன்று. புதிதாக வளர்ப்பவர்கள் அதைக் கண்டு அஞ்சித் தேவையில்லாமல் மருந்து கொடுக்கிறார்கள். பச்சையும் வெள்ளையும் கலந்து நீராகப் போவதுதான் பயப்பட வேண்டியது.

உலர்ந்த கூளத்தைக் கூட்டும்போது எழும் தூசியில் எச்சத்துகளும் இறகுத்துகளும் பூஞ்சை வித்துகளும் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வேலையை மற்றவர்க்கு விட்டுவிடுவது நல்லது. மற்றவர்களும் முகக்கவசம் அணிந்து, லேசாகத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிய பின் கூட்ட வேண்டும். அள்ளிய எருவைப் பச்சையாகக் கீரைப்பாத்தியில் கொட்டக் கூடாது. அதன் காரம் செடியைக் கருக்கும், கிருமி இலையில் ஏறும். இலை தழையோடு குவித்து, புரட்டிப் புரட்டி மூன்று நான்கு மாதம் மக்கிய பிறகு பயன்படுத்தலாம்.

தீவனம் சிந்தினால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். எலியின் சிறுநீர் மூலம் மனிதர்க்கு எலிக்காய்ச்சல் பரவும் என்பதால், இரவில் தட்டில் தீவனம் மிச்சம் வைக்காமல் எடுத்துவிட்டு, மூட்டையை மூடியுள்ள தகர டப்பாவில் வைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தையும் கடலைப் புண்ணாக்கையும் "கோழிக்குத்தானே" என்று போடாதீர்கள். அஃப்லாடாக்ஸின் என்னும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். மிஞ்சிய சாம்பாரும் ஊறுகாயும் உப்புக்கருவாடும் கூடாது, உப்பு மிகுந்தால் குஞ்சுகள் தாங்காது.

செள்ளும் உண்ணியும்

கோழி காரணமில்லாமல் மெலிந்து, கொண்டை வெளுத்து, இரவில் கூண்டுக்குள் போக மறுத்தால் கூண்டைச் சோதிக்க வேண்டும். இரத்தம் குடிக்கும் செள் பகலில் கோழியின் மேல் இருப்பதில்லை. மூங்கில் பிளவிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்திருந்து இரவில் ஏறும். இருட்டிய பின் கைவிளக்கோடு போய், கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவந்த தீற்றல் தெரிந்தால் அது நசுங்கிய செள். அது மனிதரையும் கடிக்கும், தடிப்பும் அரிப்பும் உண்டாகும். கோழிக்கு மட்டும் மருந்து தெளித்துப் பயனில்லை. கூண்டைக் காலி செய்து, இடுக்குகளைக் கொதிநீரால் கழுவி, வெயிலில் காயவைத்து, மருத்துவர் சொல்லும் மருந்தை இடுக்குகளில் அடிக்க வேண்டும். வயல் பூச்சிமருந்தைக் கோழியின்மேல் தெளிப்பது ஆபத்து. நஞ்சு தோல் வழியாகவும் ஏறும், முட்டையிலும் சேரும். சாம்பலும் மணலும் கலந்த ஒரு குழியை எப்போதும் விட்டு வைத்தால் கோழிகள் அதில் புரண்டு பேனைத் தாமாகவே ஓரளவு குறைத்துக்கொள்ளும்.

தடுப்பூசி

நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்பது நெடுநாள் நம்பிக்கை. வெள்ளைக்கழிச்சல் அந்த நம்பிக்கையை ஒவ்வொரு கோடையிலும் பொய்யாக்குகிறது. இராணிக்கேத் நோய் என்றும் அழைக்கப்படும் இந்த வைரஸ் நோயில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சிரைப்பு, கழுத்துத் திருகல், கால் இறக்கை வாதம் ஆகியவை கண்டு, தடுப்பூசி போடாத மந்தையில் பெரும்பகுதி சில நாளில் இறந்துவிடும். வைரஸ் என்பதால் குணப்படுத்தும் மருந்து கிடையாது. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுக்கும் கைவைத்தியத்தை ஆதரவாகச் செய்வதில் தவறில்லை. தடுப்பூசிக்கு மாற்றாக அதை நம்புவதில்தான் தவறு.

முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காம் வாரத்தில் லசோட்டா என்னும் தடுப்பு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி என்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. தமிழ்நாட்டில் அரசு கால்நடை மருத்துவமனைகளிலும், ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களிலும் இலவசமாகவே போடுகிறார்கள். மருந்தை வாங்கி வந்து தாமே போடுபவர்கள் அதை ஐஸ் போட்ட பெட்டியில் எடுத்து வர வேண்டும், கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தக் கூடாது. அது உயிருள்ள வைரஸ் என்பதால், சொட்டுவிட்ட கையோடு கண்ணைத் தேய்த்தால் நமக்கும் சில நாள் கண் சிவந்து எரியும். கழிச்சல் ஏற்கெனவே கண்ட கோழிக்குத் தடுப்பூசி போட்டுப் பயனில்லை.

கோழிக்கு வரும் அம்மை கொசுவாலும் பரவுவது. கொண்டையிலும் கண்ணோரத்திலும் மருவைப்போல் கொப்புளம் எழும், மனிதருக்குத் தொற்றாது. ஆறு வார வயதுவாக்கில் அதற்கும் தடுப்பூசி உண்டு. குடற்புழு நீக்கத்தை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். சந்தையிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ வரும் புதுக்கோழியைக் குறைந்தது மூன்று வாரம் தனியாக வைத்து, பழைய கோழிகளுக்குத் தீவனம் வைத்த பிறகே அதனிடம் போக வேண்டும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை உடைத்துக் கலக்கும் பழக்கம் மிகவும் கெட்டது. அந்த மருந்து முட்டை வழியாக வீட்டாரின் வயிற்றுக்கு வரும். மருந்துக்கு அடங்காத கிருமிகளும் அப்படித்தான் உருவாகின்றன. கொலிஸ்டின் என்னும் ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுப்பதை மத்திய அரசு 2019இல் தடை செய்ததற்கும் அதுவே காரணம். எந்த மருந்தானாலும் எத்தனை நாள் முட்டையும் கறியும் உண்ணக் கூடாது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இறந்த கோழியும் பறவைக் காய்ச்சலும்

கோழி சுணங்கி விழுந்தால், "சாவதற்குள் அறுத்துவிடு" என்பது கிராமத்தில் இயல்பாக வரும் பேச்சு. வளர்த்த செலவு வீணாகிறதே என்ற வருத்தம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் ஆபத்து குழம்பில் இருப்பதைவிட அறுக்கும் இடத்தில்தான் மிகுதி. நன்றாக வெந்த கறியில் கிருமி சாகும். அறுப்பவரின் கையிலும், இறகு பிடுங்கும் சுடுதண்ணீர் ஆவியிலும், அரிவாள்மனையிலும், குடலைக் கழுவும் முற்றத்திலும் அது உயிரோடு இருக்கும். காரணம் தெரியாமல் நோயுற்ற கோழியையும் தானாகச் செத்த கோழியையும் அறுக்கக் கூடாது, விற்கக் கூடாது, நாய்க்குப் போடக் கூடாது.

இந்தியாவில் ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2006இல், மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். அதன்பின் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பகுதி வாத்துப் பண்ணைகளில் பலமுறை வந்திருக்கிறது. அப்போதெல்லாம் தமிழக எல்லைச் சோதனைச் சாவடிகளில் கோழி வண்டிகளை நிறுத்திச் சோதிப்பதைச் செய்தியில் பார்த்திருப்போம். மனிதருக்கு அரிதாகவே தொற்றும், தொற்றினால் கொடியது; 2021 ஜூலையில் அரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் டெல்லியில் இறந்தது நாட்டில் பதிவான முதல் மனித உயிரிழப்பு. இரண்டு மூன்று நாளுக்குள் பல கோழிகள் திடீரென்று இறந்தாலோ, கொண்டையும் தாடியும் நீலம் பாரித்து வீங்கினாலோ, அருகில் காக்கையோ வாத்தோ கூட்டமாக இறந்து கிடந்தாலோ, எதையும் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம். அவற்றைத் தொட்டவருக்குப் பத்து நாளுக்குள் காய்ச்சலோ இருமலோ கண் சிவப்போ வந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒன்றிரண்டு கோழி இறந்தால், கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு எடுத்து, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவான இடத்தில் நாய் தோண்ட முடியாதபடி மூன்று நான்கு அடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். மண் இல்லாத நகரவாசிகள் கால்நடை மருத்துவமனையிலோ மாநகராட்சியிலோ கேட்டுச் செய்யலாம், குப்பைத்தொட்டியில் எறிய வேண்டாம். பின்னர்க் கூளம் முழுவதையும் அள்ளி எரித்தோ புதைத்தோ அகற்றி, கூண்டைச் சோப்புநீரால் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி அடித்து, சுண்ணாம்பு பூசி, மூன்று வாரமாவது வெயில் படும்படி திறந்தே போட்டு வையுங்கள். அடுத்த குஞ்சுகளை வாங்கப் போகும் நாளுக்கு முன்பே அவற்றுக்கான முதல் சொட்டு மருந்து எப்போது கிடைக்கும் என்று கால்நடை மருத்துவமனையில் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.